வெட்டுத்துண்டுகளைக் கொண்டு நேர்க்கோடு வரைதல்: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடு ஒன்றைக் கொடுத்து வரைபடம் வரையச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் உடனே அட்டவணை போடத் தொடங்குகிறார்கள். எக்ஸுக்கு −2, −1, 0, 1, 2 என்று வரிசையாக ஐந்து மதிப்புகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒய்யின் மதிப்பைக் கணக்கிட்டு, ஐந்து புள்ளிகளையும் தாளில் குறித்து இணைக்கிறார்கள். இம்முறையில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் 3எக்ஸ் + 2ஒய் = 12 போன்ற சமன்பாட்டுக்கு இப்படி அட்டவணை போட்டால் ஒய்யின் மதிப்புகள் 9, 7.5, 6, 4.5, 3 என்று வரும். ஐந்து முறை பிரதியிட்டு, அவற்றில் இரண்டு முறை தசமத்தோடும் போராடிய பிறகு கிடைப்பது ஒரே ஒரு நேர்க்கோடு. ஒரு நேர்க்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகளே போதும் என்னும்போது, எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தால் கணக்கு மிக எளிதாகும் என்று முதலில் யோசிப்பதே முறை. அச்சுகளின் மீது விழும் புள்ளிகளே அத்தகையவை.

கோடு எக்ஸ் அச்சை, அதாவது கிடைமட்ட அச்சை, எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தின் எக்ஸ் மதிப்பை எக்ஸ் வெட்டுத்துண்டு என்கிறோம். அதுபோலவே, செங்குத்தான ஒய் அச்சை அது வெட்டும் இடத்தின் ஒய் மதிப்பு ஒய் வெட்டுத்துண்டு ஆகும். எக்ஸ் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் ஒய் மதிப்பு பூச்சியம். ஒய் அச்சின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் மதிப்பு பூச்சியம். ஆகவே ஒரு வெட்டுத்துண்டைக் காணும்போது சமன்பாட்டின் இரண்டு உறுப்புகளில் ஒன்று முழுதாக மறைந்துவிடுகிறது. எஞ்சுவது ஒரே ஒரு வகுத்தல்தான். இந்த முறையின் எளிமை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

முதற்படிச் சமன்பாட்டின், அதாவது நேரியல் சமன்பாட்டின், வரைபடம் நேர்க்கோடாகத்தான் அமையும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா எடுத்துக்காட்டிவிட்டார். 1637இல் தம் வடிவியல் நூலை வெளியிட்ட ரெனே டேக்கார்ட்டின் பெயரே இந்த இரு அச்சுகள் அமைந்த தளத்துக்கு நிலைத்து, கார்ட்டீசியன் தளம் என்று அது வழங்குகிறது. ஆயினும் நாம் இங்கே துணிந்து இரண்டே புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் ஃபெர்மா கண்ட அந்த உண்மைதான். எக்ஸ் வர்க்கமோ, எக்ஸும் ஒய்யும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்ட உறுப்போ சமன்பாட்டில் இருந்தால் அது நேரியல் அன்று. அங்கே இந்த முறையைக் கையாளக் கூடாது.

தாளும் அச்சுகளும்

மில்லிமீட்டர் கட்டங்கள் அச்சிட்ட வரைபடத்தாள், கூராகச் சீவிய பென்சில், விளிம்பு தேயாத 30 செ.மீ. அளவுகோல் ஆகியவை போதும். 15 செ.மீ. அளவுகோலை நகர்த்தி நகர்த்திக் கோட்டை நீட்டினால், நகர்த்திய இடத்தில் கோடு மெல்ல முறியும். பேனாவால் புள்ளி வைக்க வேண்டாம். அச்சுகளைத் தாளின் தடித்த கோடுகளின் மீதே வரையுங்கள். அவை சந்திக்கும் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்பதை வெட்டுத்துண்டுகளைக் கண்டுபிடித்த பிறகே முடிவு செய்யுங்கள். பலரும் பழக்கத்தின் காரணமாகத் தாளின் நட்டநடுவில் அச்சுகளைப் போட்டுவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குவார்கள். வெட்டுத்துண்டு இரண்டும் மிகை எண்ணாக வந்தால் தாளின் முக்கால் பங்கு வீணாகிவிடும்.

ஒரு கோட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரைதல்

3எக்ஸ் + 2ஒய் = 12 என்ற சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதற்படியாக ஒய்யின் இடத்தில் பூச்சியத்தை இடுக. 2ஒய் என்ற உறுப்பு மறைய, 3எக்ஸ் = 12 என்றாகி, எக்ஸ் = 4 கிடைக்கும். இதை வெறும் 4 என்று எழுதி நிறுத்தாமல் (4, 0) என்று புள்ளியாகவே எழுதுங்கள். வெறும் எண்ணாக எழுதிவைத்தவர்கள், தாளில் குறிக்கும் நேரத்தில் அது எந்த அச்சுக்கு உரியது என்று தடுமாறி அச்சை மாற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதிலும், பூச்சியத்தை இட்டது ஒய்யின் இடத்தில் என்பதால் புள்ளியும் ஒய் அச்சில்தான் விழும் என்று நினைத்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் குழப்பம். உண்மையில் ஒய் பூச்சியமானால் புள்ளி எக்ஸ் அச்சில் விழுகிறது.

இரண்டாம் படியாக எக்ஸின் இடத்தில் பூச்சியத்தை இடுக. 2ஒய் = 12 என்பதிலிருந்து ஒய் = 6 கிடைக்கும்; புள்ளி (0, 6).

மூன்றாம் படி, அச்சுகள் அல்லாத இடத்தில் ஒரு சோதனைப் புள்ளியைக் காண்பது. எக்ஸ் = 2 என்று கொண்டால் 6 + 2ஒய் = 12, அதாவது ஒய் = 3; புள்ளி (2, 3). இதன் தேவையைப் பற்றிக் கீழே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது அளவுத்திட்டத்தை முடிவு செய்து, தாளின் வலது மேல் மூலையில் எழுதுக: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு; ஒய் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு. ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் நான்காவது சென்டிமீட்டர் கோட்டில் ஒரு புள்ளியும், மேல்நோக்கி ஆறாவது கோட்டில் ஒரு புள்ளியும் வைத்து, ஒவ்வொன்றையும் சிறு வட்டமிட்டு, அருகில் (4, 0) என்றும் (0, 6) என்றும் குறியுங்கள். மூன்றாவது புள்ளியையும் குறித்த பின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் மட்டும் வரையுங்கள். கோட்டைப் புள்ளிகளோடு நிறுத்திவிடாமல் அச்சுகளைத் தாண்டி இரு புறமும் நீட்டி, முனைகளில் அம்புக்குறி இடுங்கள். கோட்டின் அருகே அதன் சமன்பாட்டை எழுதினால் வேலை முடிந்தது.

சோதனைப் புள்ளியைத் தவிர்க்க முடியாதது ஏன்

இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரு நேர்க்கோட்டில் அமைந்தே தீரும். கணக்குச் சரியாக இருந்தாலும் அமையும், தவறாக இருந்தாலும் அமையும். தவறான வெட்டுத்துண்டுகளை வைத்து வரைந்த கோடும் பார்வைக்குக் குறையற்ற கோடாகவே தோன்றும். அட்டவணை முறையில் ஐந்து புள்ளிகளில் ஒன்று பிசகினால் அது மட்டும் விலகி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாதுகாப்பை நாம் இங்கே கைவிட்டுவிட்டதால், அதை மூன்றாவது புள்ளியின் வழியாகத் திரும்பப் பெற வேண்டும்.

குறிகள் மாறி வரும் சமன்பாட்டில் இதன் அருமை தெரியும். 3எக்ஸ் − 4ஒய் = 12 என்பதில் ஒய் = 0 என்றால் எக்ஸ் = 4. எக்ஸ் = 0 என்றால் −4ஒய் = 12; ஆகவே ஒய் = −3. இந்த இடத்தில் கழித்தல் குறியை விட்டுவிட்டு ஒய் = 3 என்று எழுதிவிடுவதுதான் இம்முறையில் மிக அதிகமாக நேரும் பிழை. அப்படி எழுதியவர் (4, 0), (0, 3) ஆகியவற்றை இணைத்து, இடமிருந்து வலமாக இறங்கும் அழகான கோடு ஒன்றை வரைந்துவிடுவார். ஆனால் எக்ஸ் = 8 என்று கொண்டு சோதித்தால் 24 − 4ஒய் = 12, அதாவது ஒய் = 3 என்று வரும். அவர் வரைந்த கோடோ எக்ஸ் 8 ஆகும் இடத்தில் −3க்கு இறங்கியிருக்கும். புள்ளி ஆறு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்போது பிழையைக் காணாமல் போக வழியில்லை. சோதனைப் புள்ளியை வெட்டுத்துண்டுகளிலிருந்து கொஞ்சம் தொலைவில் தேர்ந்தெடுப்பதன் பயன் இதுவே.

புள்ளியே குறிக்காமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இரு வெட்டுத்துண்டுகளும் ஒரே குறி உடையவையானால் கோடு இடமிருந்து வலமாக இறங்கும். ஒன்று மிகை, மற்றது குறை என்றால் ஏறும். சமன்பாட்டில் எக்ஸ், ஒய் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது அவற்றின் கெழுக்கள், அதாவது அவற்றின் முன் நிற்கும் எண்கள், ஒரே குறியாக இருந்தால் வெட்டுத்துண்டுகளும் ஒரே குறியாகவே வரும். 3எக்ஸ் − 4ஒய் = 12 என்பதைப் பார்த்தவுடனேயே கோடு ஏற வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

வெட்டுத்துண்டு எதைச் சொல்கிறது

இதுவரை வெறும் எண்களாகவே பார்த்தோம். ஒரு கடையில் தேநீர் 15 ரூபாய், வடை 10 ரூபாய் என்றும், கையில் உள்ள 60 ரூபாயையும் முழுதாகச் செலவழிக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். தேநீரின் எண்ணிக்கையை எக்ஸ் என்றும் வடையின் எண்ணிக்கையை ஒய் என்றும் கொண்டால் 15எக்ஸ் + 10ஒய் = 60. எல்லா உறுப்புகளையும் 5ஆல் வகுத்தால் இது நாம் மேலே வரைந்த 3எக்ஸ் + 2ஒய் = 12 என்பதாகவே ஆகிறது; பொதுக் காரணியால் வகுப்பதால் கோடு மாறாது, எண்கள் சிறியவையாகும், அவ்வளவுதான். எக்ஸ் வெட்டுத்துண்டு 4 என்பதற்கு, வடையே வாங்காவிட்டால் நான்கு தேநீர் என்று பொருள். ஒய் வெட்டுத்துண்டு 6 என்பதற்கு, தேநீரே வேண்டாம் என்றால் ஆறு வடை என்று பொருள். கோட்டில் எண்ணற்ற புள்ளிகள் இருந்தாலும், அரைத் தேநீரும் கால் வடையும் கேட்க முடியாது என்பதால் (0, 6), (2, 3), (4, 0) ஆகிய மூன்றே இங்கே விடையாகும். குறை எண்ணுக்குப் பொருளில்லாத இத்தகைய வாழ்க்கைக் கணக்கை வரையும்போது கோட்டை அச்சுகளுக்கு அப்பால் நீட்டக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். −2 வடை என்று ஒன்று இல்லை.

அளவுத்திட்டம்

1,000 லிட்டர் தண்ணீர் நிறைந்த தொட்டி ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் தண்ணீர் வெளியேறுகிறது. எக்ஸ் நிமிடங்களுக்குப் பிறகு தொட்டியில் எஞ்சியிருப்பது ஒய் லிட்டர் என்றால் 20எக்ஸ் + ஒய் = 1000. வெட்டுத்துண்டுகள் 50, 1000. தொடக்கத்தில் இருந்த நீர் ஒய் அச்சிலும், தொட்டி காலியாகும் நேரம் எக்ஸ் அச்சிலும் அமைந்திருக்கின்றன. ஆனால் இரு அச்சுகளுக்கும் 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவுத்திட்டத்தைக் கொண்டால், பத்து மீட்டர் உயரமுள்ள தாள் வேண்டியிருக்கும்.

இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 5 நிமிடம் என்றும், ஒய் அச்சில் 1 செ.மீ. = 100 லிட்டர் என்றும் கொண்டால், இரு வெட்டுத்துண்டுகளும் ஆதிப்புள்ளியிலிருந்து பத்துப் பத்துச் சென்டிமீட்டர் தொலைவில் விழும்; தாள் நன்றாகப் பயன்படும். எளிய வழி ஒன்றைச் சொல்வதானால், ஒவ்வோர் அச்சின் வெட்டுத்துண்டையும் அந்த அச்சுக்குத் தாளில் கிடைக்கும் நீளத்தால் வகுத்து, வரும் விடையை 1, 2, 5, 10, 20, 50 போன்ற எண்களில் அதற்கு அடுத்த பெரிய எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். 1 செ.மீ. = 3 அலகு, 1 செ.மீ. = 7 அலகு போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்; மில்லிமீட்டர் கட்டங்கள் பத்துப் பத்தாக அமைந்திருப்பதால், அத்தகைய அளவுத்திட்டத்தில் இடைப்பட்ட புள்ளி எதையும் துல்லியமாகக் குறிக்க முடியாது. சோதனைப் புள்ளி (25, 500). பாதி நேரத்தில் பாதி நீர். எக்ஸ் அச்சில் 5 செ.மீ., ஒய் அச்சில் 5 செ.மீ. என்று அது மிகச் சரியாகக் கோட்டின் நடுவில் விழுகிறது.

இந்த முறை உதவாத இடங்கள்

எந்தச் சமன்பாட்டைப் பார்த்தாலும் வெட்டுத்துண்டு முறையிலேயே இறங்கிவிடுவது சரியன்று. அதற்கு இடம் கொடுக்காத சமன்பாடுகள் சில உண்டு. இடம் கொடுத்தாலும் வீண் வேலையாக முடிபவையும் சில உண்டு.

மாறிலி உறுப்பு, அதாவது மாறி எதுவும் சேராத எண், இல்லாத 3எக்ஸ் − 2ஒய் = 0 போன்ற சமன்பாட்டில் இரு வெட்டுத்துண்டுகளும் பூச்சியம்தான். கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்வதால் இரு அச்சுகளையும் அது ஒரே இடத்தில் வெட்டுகிறது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. எக்ஸ் = 2 என்று கொண்டு (2, 3) என்ற புள்ளியையும், சோதனைக்கு (−2, −3) என்ற புள்ளியையும் கண்டு வரைய வேண்டும். எக்ஸ் = 5 என்ற சமன்பாட்டில் ஒய்யே இல்லை; கோடு ஒய் அச்சுக்கு இணையாகச் செங்குத்தாக நிற்கும், ஒய் வெட்டுத்துண்டு கிடையாது. ஒய் = −2 என்பது எக்ஸ் அச்சுக்கு இணையான கிடைக்கோடு. இவற்றுக்குக் கணக்கே தேவையில்லை.

செல்சியஸ் அளவை எக்ஸ் என்றும் ஃபாரன்ஹீட் அளவை ஒய் என்றும் கொண்டால் அவற்றின் தொடர்பு ஒய் = 1.8எக்ஸ் + 32 என்ற நேர்க்கோடாகும். ஒய் வெட்டுத்துண்டு 32. நீர் உறையும் 0 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 32 டிகிரி என்பது எல்லோரும் அறிந்ததே. எக்ஸ் வெட்டுத்துண்டோ −17.777… என்று முடிவில்லாமல் நீளும். அதைத் தோராயமாகக் குறித்துக் கோடு வரைவதைவிட, நீர் கொதிக்கும் (100, 212) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வது எல்லா வகையிலும் மேல். இரு அளவுகளும் ஒன்றாகும் (−40, −40) என்ற புள்ளி நல்ல சோதனைப் புள்ளியாக அமையும்.

நான்காவது வகை ஒன்று இருக்கிறது. பாடம் நடத்தும்போது பெரும்பாலும் விட்டுவிடப்படும் வகை இது. 5எக்ஸ் + 4ஒய் = 2 என்ற சமன்பாட்டின் வெட்டுத்துண்டுகள் 0.4, 0.5. இரண்டும் துல்லியமான எண்கள்தான், குறிப்பதற்கும் எளிது. ஆனால் 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவுத்திட்டத்தில் அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 6.4 மில்லிமீட்டர் மட்டுமே. பென்சில் முனையின் தடிமனால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் விலகிப் போனாலும், கோட்டை 6.4 செ.மீ. நீட்டும்போது அந்த விலகல் பத்து மடங்காகி 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலேயே கோடு தவறிவிடும். இங்கே (2, −2), (−2, 3) என்ற முழு எண் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, வெட்டுத்துண்டுகளைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டியதில்லை. சமன்பாட்டை மாறிகள் ஒரு பக்கமும் மாறிலி மறுபக்கமுமாக எழுதிக்கொண்டு, அந்த மாறிலி இரு கெழுக்களாலும் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால், அது பூச்சியமாகவும் இல்லாவிட்டால், வெட்டுத்துண்டு முறையைத் தயங்காமல் கையாளலாம். பின்னக் கெழுக்கள் இருந்தால் முதலில் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கால் பெருக்கிவிட்டுப் பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒய் = 2எக்ஸ் − 6 என்ற வடிவில் தரப்பட்டிருந்தால் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை; −6 என்ற ஒய் வெட்டுத்துண்டு கண்ணெதிரிலேயே இருக்கிறது, எக்ஸ் வெட்டுத்துண்டு 3 என்பதை மனத்திலேயே கண்டுவிடலாம்.

இரண்டு கோடுகளும், கோட்டிலிருந்து சமன்பாடும்

ஒருங்கமை சமன்பாடுகளை, அதாவது ஒரே விடை இரண்டுக்கும் பொருந்த வேண்டிய சமன்பாடுகளை, வரைபட முறையில் தீர்க்கும்போது இம்முறை நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எக்ஸ் + ஒய் = 5 என்ற கோட்டுக்கு (5, 0), (0, 5) என்ற புள்ளிகளை நொடியில் எழுதிவிடலாம். அதே தாளில், அதே அளவுத்திட்டத்தில் 3எக்ஸ் + 2ஒய் = 12 என்ற கோட்டையும் வரைந்தால் இரண்டும் (2, 3) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் புள்ளியைக் கண்ணால் படித்து எழுதிவிட்டு நிறுத்தாமல் இரு சமன்பாடுகளிலும் பிரதியிட்டுப் பாருங்கள்: 2 + 3 = 5; 6 + 6 = 12. தாளில் 2 என்று தோன்றுவது உண்மையில் 2.1 ஆகவும் இருக்கக்கூடும். அதைப் பிரதியிட்டுத்தான் உறுதி செய்ய முடியும்.

இதன் மறுதலையும் எளிதே. வரைந்த கோடு ஒன்றைக் கொடுத்து அதன் சமன்பாட்டைக் கேட்டால், வெட்டுத்துண்டுகளைப் படித்து, எக்ஸை எக்ஸ் வெட்டுத்துண்டாலும் ஒய்யை ஒய் வெட்டுத்துண்டாலும் வகுத்துக் கூட்டி, கூடுதலை 1க்குச் சமப்படுத்துங்கள். வெட்டுத்துண்டுகள் 5, −2 என்றால் எக்ஸ்/5 − ஒய்/2 = 1. பத்தால் பெருக்கினால் 2எக்ஸ் − 5ஒய் = 10. இங்கும் சோதனைப் புள்ளி வேண்டும்; எக்ஸ் = 10 என்று கொண்டால் ஒய் = 2. கொடுக்கப்பட்ட கோட்டை அளவுகோலால் நீட்டி, அது (10, 2) வழியாகச் செல்கிறதா என்று பாருங்கள். செல்லவில்லை என்றால் சமன்பாட்டைத் திருத்துவதற்கு முன் இரு அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் ஒருமுறை மீண்டும் படியுங்கள், ஏனெனில் பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.